லண்டன் – பாரிஸ்: எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனில் இருந்து பாரிஸ் போக நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எத்தனை கிலோமீட்டர், ஃபிளைட்டில் எவ்வளவு நேரம்" என்றுதான். 344 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் அந்த ஒரு வரியை நம்பி டிக்கெட் எடுத்தவர்கள் பாதி நாளை வரிசைகளில் கழித்துவிட்டு வந்து புலம்புவதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

இரண்டு நகரங்களுக்கும் இடையே நேர் தூரம் எவ்வளவு?

நகர மையத்தில் இருந்து நகர மையத்துக்கு வான்வழியாக சுமார் 344 கி.மீ., அதாவது 214 மைல். எங்கிருந்து எங்கே என்று கேட்டால், லண்டனில் சாரிங் கிராஸ், பாரிஸில் நோத்ர்-தாம் பேராலயம். இரண்டு ஊரிலும் சாலைத் தூரத்தை அளக்கத் தொடங்கும் இடங்கள் இவைதான். சாரிங் கிராஸில் குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் முதலாம் சார்லஸ் மன்னரின் சிலைதான் அடையாளம். நோத்ர்-தாம் வாசலில் தரையில் ஒரு சிறிய உலோகத் தகடு பதித்திருக்கிறார்கள். கூட்டத்தில் பலர் அதை மிதித்துக்கொண்டே போவார்கள்.

சாலை வழியாக, கடலுக்கு அடியில் இங்கிலாந்தையும் பிரான்ஸையும் இணைக்கும் கால்வாய்ச் சுரங்கத்தையும் சேர்த்தால், சுமார் 460 கி.மீ. ரயில் பாதையில் 492 கி.மீ. ரயில்தான் எல்லாவற்றையும் விட அதிகத் தூரம் ஓடுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

விமான நிலையத்தில் இருந்து விமான நிலையத்துக்கு?

லண்டன் என்றால் ஒரு விமான நிலையம் இல்லை. ஹீத்ரோ, காட்விக், லூட்டன், ஸ்டான்ஸ்டெட், லண்டன் சிட்டி, சவுத்எண்ட் என்று ஆறு இருக்கின்றன. பாரிஸில் சார்ல் து கோல், ஓர்லி இரண்டும் நிஜமாகவே பாரிஸுக்குப் பக்கத்தில் உள்ளவை. 'பாரிஸ்' என்று பெயரை ஒட்டிக்கொண்ட போவே, ஊருக்கு வடக்கே 80 கி.மீ.க்கு மேல் தள்ளியிருக்கிறது. மலிவு டிக்கெட்டில் அந்தப் பெயரைப் பார்த்தால், அங்கிருந்து பஸ்ஸில் ஊருக்குள் வரும் ஒன்றேகால் மணி நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஹீத்ரோவில் இருந்து சார்ல் து கோல் சுமார் 348 கி.மீ.; விமானிகள் கணக்கில் 188 கடல் மைல். லூட்டனில் இருந்து சார்ல் து கோல் 380 கி.மீ. காட்விக்கில் இருந்து சார்ல் து கோல் 308 கி.மீ.தான், ஏனென்றால் காட்விக் லண்டனுக்குத் தெற்கே, பிரான்ஸ் பக்கமாகவே இருக்கிறது. ஆனால் 40 கி.மீ. குறைவதால் மிச்சமாவது மூன்று, நான்கு நிமிடம். அதற்காகக் காட்விக்கைத் தேடிப் போக வேண்டியதில்லை.

சரி, பறக்கும் நேரம் எவ்வளவு?

டிக்கெட்டில் 1 மணி 15 நிமிடம் முதல் 1 மணி 25 நிமிடம் வரை போட்டிருக்கும். அது வாசலில் இருந்து வாசல் வரைக்குமான நேரம்: விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, அந்தப் பக்கம் போய் நிற்கும் வரை. சக்கரம் தரையை விட்டு எழுந்து மறுபடி தரையைத் தொடும் வரை மட்டும் எடுத்தால் 45 முதல் 55 நிமிடம்.

மீதி அரை மணி எங்கே போகிறது? ஓடுபாதைக்கு முன்னால் வரிசையில் நிற்பதில் கொஞ்சம் போகும். சார்ல் து கோலில் இறங்கியபின் தரையிலேயே ஊர்ந்து போவதில் இன்னும் கொஞ்சம் போகும். அந்த விமான நிலையம் அவ்வளவு பெரியது. இறங்கியாயிற்று என்று போனை எடுத்தவர்கள், விமானம் நெடுஞ்சாலைப் பாலத்தின் மேல் உருண்டு போவதை வீடியோ எடுத்து முடித்துவிடலாம்.

ஜெட் விமானம் மணிக்கு 800 கி.மீ. போகுமே, 348 கி.மீ.க்கு அரை மணி கூட ஆகக் கூடாதே?

அந்த வேகம் உயரத்தில் நிலையாகப் பறக்கும்போது வருவது. இந்த வழியில் அந்த நிலை சில நிமிடங்கள்தான் நீடிக்கும். ஹீத்ரோவில் பெரும்பாலும் மேற்குக் காற்று. விமானம் காற்றை எதிர்த்துத்தான் கிளம்ப வேண்டும் என்பதால், தென்கிழக்கே இருக்கும் பாரிஸுக்குப் போக முதலில் மேற்கே ஓடி எழும்பி, பிறகு தெற்கே திரும்புகிறது. இங்கிலாந்தின் தென்கோடியான சஸ்ஸெக்ஸ் கரையைத் தாண்டும்போது இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும். 25,000 அடி வாக்கில் போய்ச் சேர்ந்து, பணிப்பெண் தண்ணீர்ப் பாட்டில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடுவரிசைக்கு வருவதற்குள் என்ஜின் சத்தம் குறையும். இறங்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

கடல் எவ்வளவு நேரம் தெரியும் என்றும் கேட்கிறார்கள். இங்கிலாந்தின் டோவருக்கும் பிரான்ஸின் கலேக்கும் இடையில் இங்கிலீஷ் கால்வாய் எனும் இந்தக் கடல் 33 கி.மீ. அகலம்தான். விமானம் வழக்கமாகக் கடப்பது அதற்கு மேற்கே, நார்மண்டிக் கரையை நோக்கி. அங்கே அகலம் மூன்று மடங்குக்கும் மேல். எப்படியும் பத்து நிமிடத்துக்குள் கடந்துவிடும். மேகம் இல்லாத நாளில் சஸ்ஸெக்ஸின் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகள் நன்றாகத் தெரியும். அப்படிப்பட்ட நாள் அந்தப் பக்கம் அடிக்கடி வாய்ப்பதில்லை.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். 348 கி.மீ.யை 80 நிமிடத்தில் கடந்தால் சராசரி வேகம் மணிக்கு 260 கி.மீ. கால்வாய்ச் சுரங்கம் வழியாக ஓடும் யூரோஸ்டார் ரயில் 492 கி.மீ.யை 2 மணி 16 நிமிடத்தில் ஓடுகிறது, சராசரி 217. விமானத்துக்கும் ரயிலுக்கும் உள்ள வித்தியாசம் நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை.

டிக்கெட்டில் போகும்போது 2 மணி 20 நிமிடம், வரும்போது 20 நிமிடம் மாதிரி தெரிகிறதே?

பாரிஸ் கடிகாரம் லண்டனை விட எப்போதும் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. லண்டனில் காலை 10 மணிக்குக் கிளம்பினால் பாரிஸ் நேரப்படி 12:20க்கு இறங்குவீர்கள். பாரிஸில் 10 மணிக்குக் கிளம்பினால் லண்டனில் 10:20. புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊர் நேரத்தில்தான் அச்சாகும்.

கோடை, குளிர்காலம் எதுவானாலும் இந்த ஒரு மணி வித்தியாசம் மாறாது. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் இரண்டு நாடுகளும் ஒரே கணத்தில் கடிகாரத்தை மாற்றுகின்றன.

சூரியனைப் பார்த்தால் இந்த ஒரு மணி நேரத்துக்கு நியாயமே இல்லை. பாரிஸ் கிரீனிச்சுக்குக் கிழக்கே 2 பாகை சொச்சம்தான்; சூரியக் கணக்கில் 9 நிமிடம் 21 விநாடி வித்தியாசம். 1911 முதல் பிரான்ஸும் கிரீனிச் நேரத்தைத்தான் வைத்திருந்தது. 1940இல் ஜெர்மானியப் படை பாரிஸுக்குள் நுழைந்ததும் கடிகாரங்களை பெர்லின் நேரத்துக்கு மாற்றியது. போர் முடிந்து படை போய்விட்டது, நேரம் மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

போகும் நேரமும் வரும் நேரமும் ஒன்றுதானா?

கிட்டத்தட்ட. மேலே மேற்குக் காற்று வீசுவதால் பாரிஸில் இருந்து திரும்பும்போது சில நிமிடம் கூடலாம். அதை விட முக்கியம் ஹீத்ரோவின் நெரிசல். இறங்க இடம் இல்லாவிட்டால் விமானங்களை லண்டனைச் சுற்றியுள்ள நான்கு காத்திருப்பு வட்டங்களில் சுற்றவிடுவார்கள்: போவிங்டன், லேம்போர்ன், ஆக்கம், பிக்கின். அதில் மூன்று சுற்று சுற்றினால், கால்வாயைக் கடந்த நேரத்தை விட அதிக நேரம் லண்டனைச் சுற்றியே போய்விடும். விமான நிறுவனங்கள் இதையும் சேர்த்துத்தான் அட்டவணை போடுகின்றன. சில நாள் 15 நிமிடம் முன்னதாகவே வந்து சேர்ந்துவிட்டோம் என்று அறிவிப்பார்கள். காரணம் விமானியின் சாமர்த்தியம் இல்லை. அன்று வட்டத்தில் கூட்டம் இல்லை, அவ்வளவுதான்.

வீட்டில் இருந்து வீடு வரை உண்மையில் எவ்வளவு நேரம்?

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். கிங்ஸ் கிராஸ் பக்கத்தில் தங்கியிருக்கும் ஒருவர் பாரிஸின் கார் து நோர் நிலையத்துக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

விமானத்தில்: பிக்கடில்லி லைன் பாதாள ரயிலில் ஹீத்ரோவுக்கு ஒரு மணி நேரம். விமானத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் முன்னால் அங்கே இருக்க வேண்டும். பயணம் 1 மணி 20. அந்தப் பக்கம் இறங்கி, பாஸ்போர்ட் வரிசை, பெட்டிக்குக் காத்திருப்பது எல்லாம் சேர்த்து முக்கால் மணி. சார்ல் து கோலில் இருந்து ஆர்.இ.ஆர். பி என்ற புறநகர் ரயிலில் கார் து நோருக்கு அரை மணி, பிளாட்பாரத்தில் நிற்கும் நேரம் தனி. மொத்தம் ஐந்தரை மணி நேரத்தை ஒட்டி வரும்.

ரயிலில்: யூரோஸ்டார் கிளம்பும் செயின்ட் பான்க்ராஸ் நிலையம் கிங்ஸ் கிராஸுக்கு எதிரிலேயே. ஒன்றேகால் மணி நேரம் முன்னால் போனால் பாதுகாப்புச் சோதனையும் பாஸ்போர்ட் சோதனையும் முடிந்துவிடும். ஓடும் நேரம் 2 மணி 16 நிமிடத்தில் இருந்து இரண்டரை மணி வரை. இறங்கியதும் நேராக வெளியே. மொத்தம் நான்கு மணிக்குள்.

ரயிலில் இன்னொரு வசதி, பிரெஞ்சு எல்லைச் சோதனையை லண்டனிலேயே முடித்துவிடுகிறார்கள். செயின்ட் பான்க்ராஸில் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டியதும் பிரெஞ்சு போலீஸின் கண்ணாடிக் கூண்டு. அங்கே சோதனை முடிந்தால் பிரான்ஸுக்குள் போனது மாதிரி. திரும்பும்போது கார் து நோரின் மாடியில் பிரிட்டிஷ் அதிகாரிகள் உட்கார்ந்திருப்பார்கள்.

அப்படியானால் விமானம் யாருக்குத்தான் சரிப்படும்?

எங்கே இருக்கிறீர்கள், எங்கே போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

லண்டனில் தமிழர் அதிகம் வாழும் பகுதிகளை எடுத்துக்கொண்டால், ரயிலுக்குத்தான் வசதி அதிகம். ஹாரோ, வெம்பிளி பார்க்கில் இருந்து மெட்ரோபாலிட்டன் லைன், டூட்டிங்கில் இருந்து நார்தர்ன் லைன், ஈஸ்ட் ஹாமில் இருந்து ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி லைன், எல்லாமே மாறாமல் நேராகக் கிங்ஸ் கிராஸுக்கு வருகின்றன. அந்தப் பக்கம், கார் து நோரில் இருந்து வெளியே வந்து சில நிமிடம் நடந்தால் லாசப்பல். பாரிஸின் தமிழ்க் கடைத்தெரு அதுதான்: புடவைக் கடை, நகைக் கடை, முருங்கைக்காயும் வாழையிலையும் வைத்த மளிகைக் கடை, கொத்து ரொட்டி தட்டும் சத்தம். லண்டனில் ரயில் ஏறி, டாக்சி பிடிக்காமலேயே கல்யாணப் புடவை வாங்கித் திரும்பலாம் என்பது இந்த வழியின் தனிச் சிறப்பு.

ஆனால் லூட்டன் அல்லது ஹீத்ரோவுக்குப் பக்கத்தில் வீடு இருந்து, போக வேண்டியது பாரிஸின் வடக்குப் புறநகராக இருந்தால் கணக்கு மாறும். லா கூர்னவ் ஒரு நல்ல உதாரணம். ஈழத்தமிழர் நிறையப் பேர் இருக்கும் அந்த ஊர், சார்ல் து கோலில் இருந்து பாரிஸுக்குள் வரும் வழியிலேயே இருக்கிறது. ஊருக்குள் வராமலேயே இறங்கிவிடலாம். ஆனால் ஆர்.இ.ஆர். பி-யில் எங்கும் நிற்காமல் போகும் வண்டிகளும் உண்டு. பலகையில் உங்கள் நிலையத்தின் பெயர் எரிகிறதா என்று பார்த்து ஏறுங்கள்.

இந்தியா அல்லது இலங்கையில் இருந்து ஹீத்ரோ வந்து அங்கேயே மாறிப் பாரிஸ் போகிறவர்களுக்கு, ஒரே டிக்கெட்டாக இருந்தால் விமானம்தான் புத்திசாலித்தனம். பெட்டி தானாகப் போய்விடும். முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது. தனித்தனி டிக்கெட் எடுத்திருந்தால் அந்தப் பொறுப்பு யாருக்கும் இல்லை.

விலை? இரண்டும் நாளுக்கு நாள் மாறும். கடைசி நேரத்தில் ரயில் டிக்கெட் நெருப்பு விலை. விமானம் சில சமயம் பாதிக்குக் கிடைக்கும். பெட்டிக்குத் தனிக் காசு, இரண்டு பக்கமும் விமான நிலைய ரயில் காசு எல்லாம் கூட்டிய பிறகு ஒப்பிடுங்கள்.

காரில், பஸ்ஸில் போகலாமா?

காரில் ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஃபோக்ஸ்டனில் காரோடு ரயிலில் ஏறினால் 35 நிமிடத்தில் கலே பக்கம் இறக்கிவிடும். கப்பலில் டோவர்–கலே ஒன்றரை மணி நேரம். நான்கைந்து பேர் சேர்ந்து, பெட்டிகளோடு போனால் கார்தான் மலிவு. இறங்கியதும் சாலையின் வலது பக்கம் ஓட்ட வேண்டும் என்பதை, முக்கியமாக முதல் ரவுண்டபவுட்டில், மறந்துவிடாதீர்கள்.

பஸ் எட்டு முதல் பத்து மணி நேரம். மாணவர்களுக்குச் சரி. நடு இரவில் எழுப்பிப் பாஸ்போர்ட் கேட்பார்கள்.

ஒரே விசா போதுமா?

போதாது. ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போக விடும் ஷெங்கன் பகுதியில் பிரிட்டன் எப்போதும் இருந்ததில்லை. 2020 ஜனவரி 31 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டும் வெளியேறிவிட்டது. இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு லண்டனுக்கு பிரிட்டிஷ் விசா, பாரிஸுக்கு ஷெங்கன் விசா, இரண்டும் தனித்தனியாக வேண்டும். பாரிஸ் போய்விட்டு மறுபடி லண்டனுக்கே திரும்பும் திட்டம் என்றால் பிரிட்டிஷ் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும்.

பிரிட்டிஷ் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு விசா வேண்டாம்; 180 நாளில் 90 நாள் வரை இருக்கலாம். ஆனால் பாஸ்போர்ட் கடந்த 10 வருடத்துக்குள் எடுத்ததாகவும், திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும். 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பிய எல்லைகளில் கைரேகையும் புகைப்படமும் எடுக்கும் புதிய முறை படிப்படியாக வந்திருக்கிறது. முதல் தடவை போகிறவர்கள் அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

ஊறுகாய், நெய், கறி எடுத்துப் போகலாமா?

ஊறுகாய் போத்தல் விமானத்தில் கைப்பெட்டிக்குள் வந்தால் திரவக் கணக்கு. புது ஸ்கேனர் வைத்த இடங்களில் 100 மில்லி விதி தளர்ந்திருக்கிறது, எல்லா இடத்திலும் இல்லை. யூரோஸ்டாரில் அந்த விதியே கிடையாது. ஊறுகாய் தாராளமாகப் போகும். சாதாரண டிக்கெட்டுக்கே இரண்டு பெட்டியும் ஒரு கைப்பையும் எடுத்துப் போகலாம்.

நெய், பால்கோவா, ஆட்டுக்கறி விஷயம் வேறு. பிரிட்டனில் இருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியோ பால் பொருளோ பயணிகள் கொண்டுபோகக் கூடாது. 2025 ஏப்ரல் முதல், கால்நடை நோய்ப் பயத்தால், திரும்பும் பக்கமும் தடை வந்துவிட்டது. பாரிஸ் சீஸ் வாங்கி வரச் சொல்லும் உறவினர்களிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

இந்த வழியில் முதலில் விமானம் விட்டது எப்போது?

1919 ஆகஸ்ட் 25. உலகிலேயே முதன்முதலாக நாள்தோறும் இரண்டு நாடுகளுக்கு இடையே ஓடிய பயணிகள் விமானச் சேவை என்று இதைத்தான் சொல்வார்கள். இப்போதைய ஹீத்ரோவுக்குப் பக்கத்திலிருந்த ஹவுன்ஸ்லோ ஹீத் மைதானத்தில் இருந்து பாரிஸின் லெ பூர்ஜேவுக்கு, போரில் குண்டு போட்ட டி.எச். 4 ரக விமானத்தையே மாற்றி அமைத்து ஓட்டினார்கள். பயணி ஒரே ஒருவர், பத்திரிகையாளர். அவரோடு செய்தித்தாள் கட்டு, தோல், காட்டுப் பறவை இறைச்சி, டெவன்ஷயர் க்ரீம். இன்று அந்தச் சுமையில் பாதியைச் சுங்கத்தில் பிடுங்கி வைத்துவிடுவார்கள். பறந்த நேரம் இரண்டரை மணி. இன்றைய ரயில் அதை விட முன்னால் போய்விடும்.

அப்போது விமானிகள் கீழே தெரியும் சாலையையும் தண்டவாளத்தையும் பார்த்தே வழி கண்டுபிடித்தார்கள். 1922 ஏப்ரல் 7 அன்று மூடுபனியில், வடக்கு பிரான்ஸின் பிக்கார்டிப் பகுதியில், ஒரே சாலைக்கு மேலே எதிரெதிராக வந்த லண்டன் விமானமும் பாரிஸ் விமானமும் மோதி, இரண்டிலும் இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். பயணிகள் விமானங்கள் நடுவானில் மோதிய முதல் விபத்து அது. எதிரெதிரே வருபவர்கள் வலப்பக்கம் ஒதுங்கிப் பறக்க வேண்டும் என்ற ஒழுங்கு அதன் பிறகுதான் இந்த வழியில் இறுகியது.

நகர மையத்தில் இருந்து நகர மையத்துக்கு அதிவேகமாகப் போனவர் யார்?

1959 ஜூலையில், பிரெஞ்சு விமானி பிளெரியோ கால்வாயைப் பறந்து கடந்த ஐம்பதாம் ஆண்டையொட்டி ஒரு லண்டன் நாளிதழ் பந்தயம் வைத்தது: லண்டன் மார்பிள் ஆர்ச்சில் இருந்து பாரிஸ் ஆர்க் து த்ரியோம்ஃப் வரை, எப்படி வேண்டுமானாலும் போகலாம். வென்ற பிரிட்டிஷ் விமானப்படை அதிகாரி மோட்டார் சைக்கிள், ஹெலிகாப்டர், ஹண்டர் போர் விமானம், மறுபடி ஹெலிகாப்டர், மறுபடி மோட்டார் சைக்கிள் என்று மாறி மாறி ஏறி 40 நிமிடம் 44 விநாடியில் போய்ச் சேர்ந்தார். பாஸ்போர்ட் வரிசையும் பெட்டிக்குக் காத்திருப்பதும் இல்லாவிட்டால் இந்தத் தூரம் எவ்வளவு சின்னது என்பது அவர் கணக்கில் தெரிகிறது.

பிரான்ஸ் குறுந்தூர விமானங்களைத் தடை செய்துவிட்டதாமே, இதுவும் நின்றுவிடுமா?

2023 மே மாதம் வந்த அந்தத் தடை, ரயிலில் இரண்டரை மணிக்குள் போகக்கூடிய உள்நாட்டு வழிகளுக்கு மட்டும். ஓர்லியில் இருந்து நான்ட், லியோன், போர்தோ என மூன்று வழிகள்தான் அதில் சிக்கின. லண்டன் வெளிநாடு என்பதால் பொருந்தாது. பிரிட்டிஷ் ஏர்வேஸ், ஏர் பிரான்ஸ், ஈஸிஜெட் எல்லாம் பறந்துகொண்டுதான் இருக்கின்றன. அவற்றில் ஏறுபவர்களில் கணிசமான பேர் பாரிஸுக்கோ லண்டனுக்கோ போகிறவர்கள் இல்லை, அங்கிருந்து நீண்ட தூர விமானம் மாறுகிறவர்கள்.

காலையில் போய் இரவே திரும்பலாமா?

ரயிலில் தாராளமாக முடியும். லண்டனில் காலை ஆறு, ஏழு மணி வண்டியில் ஏறினால் பாரிஸ் நேரப்படி பத்தரைக்குள் லாசப்பலில் இட்லி சாப்பிடலாம். மாலை வண்டியில் திரும்பும்போது போகையில் தொலைத்த ஒரு மணி நேரமும் கைக்கு வந்துவிடும். விமானத்தில் இதையே செய்யலாம், ஆனால் ஊருக்குள் நிற்கும் நேரம் நான்கைந்து மணியாகச் சுருங்கும். ஆகஸ்ட் கடைசியில் லாசப்பல் மாணிக்க விநாயகர் கோயில் தேர் ஓடும் ஞாயிறன்று போவதாக இருந்தால், அந்த வார இறுதி வண்டிகளுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே டிக்கெட் எடுத்துவிடுங்கள்.